‘உல்லாசமாக இருந்தனர்’ என்று எழுதியது யார்? செய்திகளில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் சில வருடங்கள் நைட் ஷிஃப்ட் உதவி ஆசிரியராக இருந்தேன். செய்தியில் பெண்களை எழுதும் விதத்தைப் பற்றி எங்கே வாய் திறந்தாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. கல்யாண வீட்டில், ரயிலில், என் சொந்த அண்ணனிடமிருந்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எதற்கெடுத்தாலும் பேப்பர்காரர்களைத் திட்டுகிறீர்களே, அப்படி என்னதான் பிரச்சினை?

ஒரு தலைப்பைப் பாருங்கள்: “கள்ளக்காதலனுடன் உல்லாசம்: கண்டித்த கணவனைத் தீர்த்துக்கட்டிய மனைவி.” நான் இப்போது இட்டுக்கட்டி எழுதியதுதான், ஆனால் நீங்கள் இதைப் படித்திருக்கிறீர்கள், போன வாரம்கூடப் படித்திருப்பீர்கள். இதில் ‘உல்லாசம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? நிருபர் அங்கே இல்லை. அக்கம்பக்கத்தாரும் பார்க்கவில்லை. கைதான பெண் ஸ்டேஷனில் சொன்னதாக இன்ஸ்பெக்டர் சொன்னார், இன்ஸ்பெக்டர் சொன்னதாக ஸ்டிரிங்கர் (உள்ளூர் பகுதிநேர நிருபர்) எழுதினார், அவ்வளவுதான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் கோர்ட் ஏற்காது, பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலிருந்தே இது இருக்கிறது. கோர்ட் ஏற்காததை நாம் பக்கத்தின் எட்டு காலம் (column) முழுக்கப் போட்டு, பெட்டிக்கடை வாசலில் போஸ்டராகவும் தொங்கவிடுகிறோம்.

ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு இப்படி ஒரு செய்திக் காப்பி வந்தது. ‘அடிக்கடி தனிமையில் சந்தித்து உல்லாசமாக இருந்து வந்தனர்’ என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்துக்கு அனுப்பினேன். சீஃப் சப் (தலைமை உதவி ஆசிரியர்) என் மேஜைக்கே வந்துவிட்டார். “ஏம்மா, அதை எடுத்துட்டா இதுல நியூஸே இல்லையேம்மா?” அவர் கெட்டவர் இல்லை, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். ஒரு ஆள் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தியில் அந்த ஒரு வரியை எடுத்தால் செய்தியே இல்லை என்று அவர் உண்மையாகவே நினைத்தார் என்பதுதான் என்னை அசைத்தது. அடுத்த பதிப்பில் வரி திரும்ப வந்திருந்தது.

கள்ளக்காதலைக் கள்ளக்காதல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

‘திருமணம் மீறிய உறவு’ என்று பலரும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், அதில் யாருக்கும் புரியாமல் போகவில்லை. அதற்கு முன்னால், அந்த உறவு செய்திக்குத் தேவையா என்று பார்க்க வேண்டும். கொலைக்கான காரணமாகக் குற்றப்பத்திரிகையில் இருந்தால் எழுதத்தான் வேண்டும், யாரும் மறைக்கச் சொல்லவில்லை.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 27 வரை இது குற்றம். தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவை அன்றுதான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்தாவதற்கு முன் அந்தப் பிரிவு என்ன சொன்னது என்று பார்த்தால் சிரிப்பு வரும்: இன்னொருவர் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு வைத்தவனுக்குத்தான் தண்டனை. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை. அதாவது வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போன கணக்கு. கோர்ட் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டு வருடங்களாகிவிட்டன. ‘கள்ள’ என்ற முன்னொட்டு மட்டும் செய்தி திருத்தும் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறது. கொல்லப்பட்டவர் வசதியான ஆணாக இருந்து, அவருக்கு இரண்டு குடும்பம் இருந்தால் தலைப்பு ‘தொழிலதிபர் கொலை’ என்றுதான் வரும். கவனித்துப் பாருங்கள்.

வார்த்தையை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா?

எல்லாம் மாறாது. ஆனால் ‘வார்த்தையில் என்ன இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள்தான் அந்த வார்த்தையை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள், அதுதான் வேடிக்கை.

‘கற்பழிப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்தோம், வெகுகாலம். ஒருவன் குற்றம் செய்கிறான், அழிந்தது அவளுடைய கற்பு. அவனுக்கு எதுவும் ஆகவில்லை! பெண் எழுத்தாளர்கள், மாதர் அமைப்புகள், வழக்கறிஞர்கள் என்று பலரும் பல வருடம் சொல்லிச் சொல்லித்தான் ‘பாலியல் வன்கொடுமை’, ‘வன்புணர்வு’ என்ற சொற்கள் டெஸ்க்குக்கு வந்து சேர்ந்தன. ‘கௌரவக் கொலை’ என்பதும் அப்படித்தான். பெற்ற பெண்ணைச் சாதிக்காக வெட்டிப்போட்டவனுக்கு நாமே கௌரவம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு ‘ஆணவக் கொலை’ என்பது சாதாரண டீக்கடைச் சொல்லாகிவிட்டது. அந்தச் சொல் வந்ததால் கொலை நின்றுவிடவில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஆனால் தலைப்பு இப்போது கொன்றவனின் கண்ணால் பார்க்கவில்லை.

‘ஈவ் டீசிங்’ இன்னொன்று. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி துன்புறுத்தப்பட்டு உயிரிழந்த பிறகு தமிழ்நாடு ஒரு சட்டமே கொண்டுவந்தது, அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது. ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கிறது, சட்டம் அதைக் ‘கேலி’ என்கிறது. பிறகு பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்ற பொருளில் பெயரை மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்குமாக ஒரு கையேடு வெளியிட்டது, தீர்ப்புகளில் எந்தச் சொல்லைத் தவிர்க்கலாம், அதற்குப் பதில் எதை எழுதலாம் என்று; அதிலும் ‘ஈவ் டீசிங்’ தவிர்க்க வேண்டிய பட்டியலில்தான் இருக்கிறது.

‘திருநங்கை’ என்ற சொல் வருவதற்கு முன் நம் பத்திரிகைகளில் என்னென்ன எழுதினார்கள் என்பதை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. பால்புதுமையரை (LGBTQ+) குறிக்கும் சொற்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் தமிழ்நாடு அரசே 2022இல் ஒரு சொல்தொகுதி வெளியிட்டது. எந்த டெஸ்க்கிலாவது அதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

‘அழகி’ என்று எழுதுவது பாராட்டுத்தானே?

“லாட்ஜில் ரெய்டு: 3 அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது.” இதில் பாராட்டு எங்கே இருக்கிறது? பக்கத்திலேயே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறும் பெண்களின் படம். ‘மீட்பு’ என்கிறோம், மீட்கப்பட்டவரை யாராவது குற்றவாளி மாதிரி படம் எடுப்பார்களா? ரெய்டு நேரத்தில் பாலியல் தொழிலாளிகளின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டது. லாட்ஜுக்கு வந்த வாடிக்கையாளர்களின் படத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர்களை ‘அழகன்’ என்றும் யாரும் எழுதியதில்லை.

ஒருதலைக் காதல் என்பது உண்மைதானே? அவன் காதலித்தான், அவள் காதலிக்கவில்லை.

ஒருவன் தினமும் பஸ் ஸ்டாப் வரை பின்னால் வருகிறான், நம்பர் மாற்றினாலும் எப்படியோ கண்டுபிடித்துக் கூப்பிடுகிறான், அப்பாவிடம் சொன்னால் கொன்றுவிடுவேன் என்கிறான். 2013இல் சட்டத்திருத்தம் வந்ததிலிருந்து இதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது: பின்தொடர்தல், முன்பு தண்டனைச் சட்டத்தில் 354டி, இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. தண்டனைக்குரிய குற்றம். நாம் அதற்கு ‘ஒருதலைக் காதல்’ என்று பெயர் வைத்துக் கொஞ்சம் பரிதாபத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

2012 நவம்பரில் காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர் மீது ஆசிட் வீசப்பட்டது, மூன்று மாதம் போராடி 2013 பிப்ரவரியில் இறந்துபோனார். கல்யாணத்துக்கு மறுத்தார் என்பதுதான் ‘காரணம்’. இந்தக் ‘காரணம்’ என்ற இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. “காதலிக்க மறுத்ததால் வெட்டிக் கொலை” என்று எழுதும்போது அந்த ‘-ஆல்’ உருபு என்ன செய்கிறது பாருங்கள்: அவள் மறுத்தாள், அதனால் கொலை நடந்தது, மழை பெய்தது அதனால் ரோடு நனைந்தது மாதிரி. அவன் கத்தி வாங்கியது, விடிகாலையிலிருந்து தெருமுனையில் காத்திருந்தது எல்லாம் எட்டாவது பத்தியில் வரும், இடம் இருந்தால். தமிழில் செயப்பாட்டு வினை எவ்வளவு வசதி என்பதை குற்றச் செய்தி எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ‘கொல்லப்பட்டார்’, ‘சீரழிக்கப்பட்டார்’, ‘கடத்தப்பட்டார்’ என்று பக்கம் முழுக்க நிரப்பிவிடலாம், செய்தவன் ஒரு இடத்திலும் எழுவாயாக வரவே மாட்டான்.

பாதிக்கப்பட்டவர் பெயரைப் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே, அப்புறம் என்ன?

சட்டம் இருக்கிறது. பழைய 228ஏ, இப்போது நியாய சன்ஹிதாவில் 72. இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தைகள் என்றால் போக்சோவின் 23ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: இறந்துபோன பெண்ணாக இருந்தாலும் பெயர் கூடாது, பெயர் போடாமல் அடையாளம் தெரிகிற மாதிரி மற்ற விவரங்களைப் போடுவதும் கூடாது. அதே ஆண்டு ஏப்ரலில், கத்துவாவில் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்டதற்காக டில்லி உயர் நீதிமன்றம் 12 ஊடக நிறுவனங்களை ஆளுக்குப் பத்து லட்சம் கட்டச் சொன்னது.

ஆனால் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் என்ன நடந்தது? 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்களுக்குச் சொன்னதே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இதெல்லாம் அரசு செய்தது, சரி. நாம் என்ன செய்தோம்? பாதிக்கப்பட்ட பெண்ணின் கதறல் ஒலிப்பதிவை டிவியில் எத்தனை தடவை ஓடவிட்டோம் என்று யாரும் எண்ணவில்லை. என் பாட்டி சேனலை மாற்றச் சொல்லிக் கையை ஆட்டினார், மாற்றினால் அடுத்த சேனலிலும் அதே குரல். அதைக் கேட்டு நாட்டுக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருந்தது? முதல் தடவை ஆதாரம் என்று சொல்லலாம். நாற்பதாவது தடவைக்கு என்ன பெயர்?

பெயரை மறைத்துவிட்டு ஊர், தெரு, கல்லூரி, எந்த ஆண்டு, அப்பாவுக்கு என்ன தொழில், வீட்டு வாசலின் படம் என்று போடுவதும் இருக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு சுடிதாரும் கைப்பையும் பளிச்சென்று தெரியும். ஊரில் இருக்கிறவனுக்கு முகமா வேண்டும்?

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையில் முதல் தகவல் அறிக்கையே கசிந்தது. அதில் இருந்த மொழியைப் படித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள், பாதிக்கப்பட்டவரையே குற்றம் சொல்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டித்தார்கள். மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழு, மாணவிக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு என்று உத்தரவிட்டார்கள். இந்த இரண்டு வழக்கிலும் 2025இல் தீர்ப்பு வந்துவிட்டது. பொள்ளாச்சியில் மே 13ஆம் தேதி ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம். ஆறு வருடம் கழித்தும் பிறழாமல் வந்து சாட்சி சொன்ன பெண்கள் அவர்கள், அந்த உறுதியை எழுதியவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை விவாதங்களில் எந்தக் கட்சிக்கு இது லாபம் என்ற பேச்சுதான் ஓங்கியிருந்தது.

‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள்’ என்று கேட்பது அக்கறைதானே?

நகைக்கடையில் கொள்ளை நடந்தால் ‘இவ்வளவு நகையை ஏன் கண்ணாடிக்குள் வைத்தீர்கள்’ என்று ஓனரிடம் மைக் நீட்டுகிறோமா?

பொள்ளாச்சி சமயத்தில் ‘பெண் பிள்ளைகளிடம் போன் கொடுக்காதீர்கள்’ என்று எத்தனை பேர் ஆலோசனை சொன்னார்கள்! ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வரி ஆலோசனை வந்ததாக ஞாபகம் இல்லை. இந்தப் பேச்சுக்கு ஊரில் ஒரு விலை உண்டு. செய்தி ஓடிய அந்த இரண்டு மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணை டைப்ரைட்டிங் கிளாஸுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கும் பொள்ளாச்சிக்கும் என்ன சம்பந்தம்? இருநூறு கிலோமீட்டர் தூரம்.

பெண் நிருபர்களை நிறைய வைத்தால் சரியாகிவிடும் இல்லையா?

கொஞ்சம் சரியாகும். உலக அளவில் 1995இலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரே நாளில் பல நாட்டுச் செய்திகளை எண்ணிப் பார்க்கும் ஓர் ஆய்வு நடக்கிறது. செய்தியில் பேசுகிறவர்கள், பேசப்படுகிறவர்களில் பெண்கள் 1995இல் நூற்றுக்கு 17, 2020இல் 25. இருபத்தைந்து வருடத்தில் எட்டுப் பேர் கூடியிருக்கிறார்கள், வாழ்த்துகள்.

நான் இருந்த அலுவலகத்தில் டெஸ்க்கில் நான்கு பெண்கள் இருந்தோம். ஒருவருக்குக் கல்விச் செய்தி, ஒருவருக்கு ஆன்மிகம், ஒருவருக்குச் சமையலும் கோலமும் வரும் வெள்ளிக்கிழமை இணைப்பு, எனக்கு மாவட்டம். தலைப்பை முடிவு செய்யும் ஆறு மணி மீட்டிங்கில் நாங்கள் யாரும் கிடையாது. கூப்பிட மறுத்தார்கள் என்று சொல்ல முடியாது, கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. இதில் சுவாரஸ்யம் என்னவென்றால் ‘உல்லாசம்’ எழுதும் கை பெண்ணின் கையாகவும் இருக்கும். நானே ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன், வேறு மாதிரி எழுதலாம் என்றே தெரியாது. நூறு வருடத்துக்கு முன்பே வை.மு. கோதைநாயகி ‘ஜகன்மோகினி’ இதழைத் தானே ஆசிரியராக இருந்து நடத்தினார். அந்த ஊர்தான் இது. அப்படியும் நாங்கள் வெள்ளிக்கிழமை இணைப்பில்தான் இருந்தோம்.

வெளியே போகும் நிருபர்களுக்கு வேறு தொல்லை. 2018 ஏப்ரலில், ராஜ்பவன் பிரஸ் மீட்டில் கேள்வி கேட்ட பெண் பத்திரிகையாளரின் கன்னத்தில் அன்றைய ஆளுநர் தட்டினார். அவர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு ஆளுநர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அதோடு முடிந்ததா? பெண் பத்திரிகையாளர்கள் எல்லோரையும் இழிவாகச் சொல்லும் ஒரு பதிவை நடிகரும் அப்போது பாஜகவில் இருந்தவருமான எஸ்.வி. சேகர் பகிர்ந்தார், அந்த வழக்கில் 2024இல் அவருக்கு ஒரு மாதம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கேள்வி என்ன, அதற்குப் பதில் என்ன என்பது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்களா?

இல்லவே இல்லை, இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் கேட்கிறவர்கள் குறைவு.

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஒரு பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணற்றில் ஆயிலைக் கொட்டினார்கள். அரசுத் தரப்பு மறுத்தது. அவர்கள் கடத்தல்காரர்கள் என்ற பேச்சுதான் முதலில் வெளியே வந்தது. தண்டனைத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. பத்தொன்பது வருடம், அப்புறம் இன்னும் பன்னிரண்டு வருடம். இதே கொடுமை ஒரு நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்திருந்தால் கேமராக்கள் எத்தனை நாள் அங்கேயே குடியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2012-13இல் அதே தர்மபுரி. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இளவரசன், திவ்யா. கல்யாணத்தைத் தொடர்ந்து நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. ‘நாடகக் காதல்’ என்ற சொல்லை அரசியல்வாதிகள் உலவவிட, அதை மேற்கோள் குறியோடும் குறி இல்லாமலும் நாம் அச்சிட்டோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு முழுக் கதை இருக்கிறது: தலித் பையன் வேஷம் போடுகிறான், பெண்ணுக்குப் புத்தி கிடையாது. பத்தொன்பது, இருபது வயதுப் பெண் தானாக ஒருவனை விரும்பியிருக்கலாம் என்பதற்கு அந்தக் கதையில் இடமே இல்லை. நீதிமன்ற வாசலில் மைக்குகள் மொய்க்க நின்ற அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்கிறது. ஜூலை 3ஆம் தேதி அவர் கணவரோடு போக மாட்டேன் என்று சொன்னார், மறுநாள் ரயில் பாதையோரம் இளவரசனின் உடல். ‘யாரால் இப்படி ஆனது’ என்ற விவாதத்தில் பலரின் விரல் போய் நின்ற இடம் அந்தப் பெண்தான்.

குற்றச் செய்தியை விடுங்கள். மற்ற விஷயங்களில் என்ன குறை?

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு போக்குவரத்துத் திட்டமாக இதில் எழுத எவ்வளவோ இருந்தது: வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கு மாதம் என்ன மிச்சமானது, இரண்டு பஸ் மாறிப் போய் வேறு வேலை தேட முடிந்ததா, எத்தனை மணிக்கு மேல் பஸ்ஸே வருவதில்லை. நல்ல கட்டுரைகள் சில வந்தன. ஆனால் அதிகம் ஓடியது ‘ஓசி’ என்ற ஒற்றைச் சொல். ஒரு அமைச்சர் மேடையில் அப்படிச் சொன்னார், வாரக்கணக்கில் அதுவே செய்தி. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தின் பெயரிலேயே ‘உரிமைத் தொகை’ இருக்கிறது, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களோடு தொடங்கியது. நம் ஆட்கள் ‘உதவித்தொகை’ என்றும் ‘இலவசம்’ என்றும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். 2019இல் மத்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம், அந்த வேலை செய்யும் ஆண்கள் 97. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! அதை அந்த ஆயிரத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுதினால் எது இலவசம் என்று தெரிந்துவிடும்.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். தனியாருக்கு மாற்றினால் மாதச் சம்பளம் சுமார் 23 ஆயிரத்திலிருந்து 17 ஆயிரத்துக்குள் இறங்கிவிடும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அவர்கள் எல்லோரும் அதை நன்றாகவே விளக்கினார்கள். ஆனால் கேமராவுக்குப் பிடித்தது அழுகிற பெண். கணக்குச் சொல்கிற பெண் ஷாட்டில் அவ்வளவாக எடுபடுவதில்லை போல.

சினிமாக்காரிகளுக்குமா இதெல்லாம்? அவர்களுக்கு விளம்பரம்தானே வேண்டும்?

2025 நவம்பரில் சென்னையில் ஒரு படத்தின் பிரஸ் மீட். நடிகை கௌரி கிஷனின் எடை என்ன என்பது பற்றிய கேள்வி, அதுவும் அவரிடம் இல்லை, அவரைத் தூக்கிய காட்சி பற்றிக் கதாநாயகனிடம் கேட்கப்பட்டது. கௌரி அதைத் தட்டிக் கேட்டபோது, அறை முழுக்க ஆண்கள், குரலை உயர்த்தி அவரைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அன்றைக்கு மேடையில் இருந்த மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். நல்லவேளையாகப் பத்திரிகையாளர் சங்கங்களே பிறகு கண்டித்தன. அவருடைய நடிப்பைப் பற்றி ஒரு கேள்வி வந்ததா என்று தேடிப் பார்த்தேன், அன்று பரவிய வீடியோக்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

பொய்ப் புகார்களே வருவதில்லையா? ஆண்கள் பாதிக்கப்படுவதில்லையா?

வருகின்றன. பாதிக்கப்படுகிறார்கள். அதையும் ஆதாரத்தோடு எழுத வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் பெயருக்கு முன் ‘காமக்கொடூரன்’ என்று போடுவதையும் நிறுத்த வேண்டும். ஆச்சரியமா? தீர்ப்புக்கு முன்பே ஒருவனைக் கொடூரன் ஆக்குவதும் அதே சோம்பேறித்தனம்தான். கொடூரன், மிருகம், அரக்கன் என்றெல்லாம் எழுதினால் பக்கத்து வீட்டு மாமாவும் டியூஷன் சாரும் தப்பித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் பார்க்க மிருகம் மாதிரி இருப்பதில்லையே.

இப்போது யார் பேப்பர் படிக்கிறார்கள்? யூடியூப்தானே எல்லாம்?

அது இன்னும் மோசம். டெஸ்க்கில் வரியை அடிக்க ஒருத்தியாவது இருந்தாள். 2025 ஜூனில் அவிநாசி அருகே, கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பெண் இறந்துபோனார், வரதட்சணைக் கொடுமை என்று புகார். கடைசியாக அப்பாவுக்கு அனுப்பிய ஆடியோவை வெட்டி, சோக இசை போட்டு, சிவப்பு வட்டமும் அம்புக்குறியுமாக தம்ப்நெயில் வைத்து எத்தனை சேனல்கள்! எத்தனை பவுன், என்ன கார் என்ற பட்டியல் வேறு, ஏலம் மாதிரி. தற்கொலைச் செய்தியை எப்படி எழுதக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் (இந்தியப் பத்திரிகை மன்றம்) 2019இலேயே வழிமுறை ஏற்றுக்கொண்டிருக்கிறது: முறையை விவரிக்காதே, பரபரப்பாக்காதே, உதவி எண் போடு. யூடியூபருக்கு அது கட்டாயமும் இல்லை, கேள்விப்பட்டும் இருக்க மாட்டார்.

எண்பதுகளில் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்று ஒற்றைக் காலத்தில் நான்கு வரி வரும். அந்தக் காலத்து ஸ்டவ்வுக்கு மாமியாரையும் மருமகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது, மருமகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் வெடிக்கும். நான்கு வரியில் புதைத்தோம், இப்போது நானூறு ரீல்ஸில் புதைக்கிறோம்.

சரி, வாசகராக நான் என்ன செய்ய முடியும்?

நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள், எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிப்பிட்டு. பதில் திருப்தி இல்லை என்றால் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழுக்கு வெளியான நாளிலிருந்து இரண்டு மாதம், மற்றவற்றுக்கு நான்கு மாதம். அவர்களால் கண்டிக்க மட்டும்தான் முடியும், தண்டிக்க முடியாது, டிவி அவர்களுக்குக் கீழே வராது. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியாகியிருந்தால் அது குற்றம், நேராகப் போலீஸில் புகார் கொடுக்கலாம். அந்த வீடியோவை ‘பாருங்கள் எவ்வளவு மோசம்’ என்று சொல்லிப் பகிர வேண்டாம், தயவுசெய்து.

கடிதம் எழுதினால் யாராவது படிப்பார்களா என்று கேட்பீர்கள். ஒரே வரியைக் குறித்து ஒரே வாரத்தில் பதினோரு தபால் அட்டை வந்து டெஸ்க் ஆடிப்போனதை நானே பார்த்திருக்கிறேன், ஏதோ ஒரு பெண்கள் கல்லூரித் தமிழ்த்துறை சேர்ந்து போட்டது போலிருக்கிறது, கையெழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. அதற்குப் பிறகு சில மாதம் எங்கள் பதிப்பில் ‘கற்பழிப்பு’ வரவில்லை.

எங்கள் பழைய ஸ்டிரிங்கர் அண்ணன் ஒருவர் இப்போதும் எப்போதாவது போன் செய்வார், நான் வேலையை விட்டு வந்த பிறகும். போன மாதம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். “பாப்பா, ஒரு மர்டர் மேட்டர். ‘உல்லாசம்’ போட்டா நீ திட்டுவேன்னு ஞாபகம் வந்துச்சு. அதுக்குப் பதிலா என்ன போடட்டும்?”

“அந்த இடத்துல எதுவும் போட வேணாம்ணே.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “மூணு வரி குறையுதே” என்றார். செத்தவருக்கு எத்தனை பிள்ளைகள், அந்தப் பிள்ளைகள் இப்போது யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம். கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தார்.